கூடத்தில் தெளிந்த பாட்டு, புது அறையில் ஏன் குழம்பியது? கபிஸ்தலம் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கபிஸ்தலத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவே, காவிரிக்கரையை ஒட்டிய ஊர். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 68. காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பாட்டு கேட்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். பெரும்பாலும் கர்நாடக இசை, அதிலும் நாகசுரம். பழைய ஒலிப்பதிவுகள்தான் அதிகம். இத்தனை நாளும் கேட்டதெல்லாம் முற்றத்தை ஒட்டிய கூடத்தில், ஒரு டேப் ரெக்கார்டரிலும் ரேடியோவிலும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், வீட்டுக்குப் பின்பக்கம் கான்கிரீட்டில் புது அறை ஒன்று கட்டி, அதில் 5.1 ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பாவுக்குப் பாட்டு ருசிக்கவில்லை. "சாகித்தியம் ஒரு வார்த்தை புரியல தம்பி. தொப்பி மட்டும் தும் தும்னு வயித்துல அடிக்குது" என்றார். தொப்பி என்றால் மிருதங்கத்தின் இடது பக்கம். இவ்வளவு செலவு செய்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்ற சங்கடம் வேறு.

கும்பகோணத்தில் ஆம்ப், ரேடியோ பழுது பார்ப்பது என் தொழில். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதைவிடப் பெரிய ஆம்ப் போட்டால் சரியாகுமா? ஆகாது. ஏன் ஆகாது, அதற்குப் பதில் என்ன செய்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். டெல்டாவில் பழைய ஓட்டு வீட்டோடு ஒட்டிப் புது அறை கட்டிக்கொண்ட பல வீடுகளில் இதே புகாரை நான் கேட்டிருக்கிறேன்.

அறை

புது அறை 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். தரையில் வழுவழுப்பான டைல்ஸ். சுவரெல்லாம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தது. ஒரு இரும்பு பீரோ, ஒரு கண்ணாடி ஷோகேஸ், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. துணி என்று பார்த்தால் ஜன்னலில் தொங்கும் மெல்லிய திரை மட்டும்தான். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால், தட்டிய சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி, கம்பியை மீட்டியது மாதிரி 'ட்ரிங்' என்று இழுத்தது. செட்டை ஆன் செய்வதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யும் வேலை 1895-ல் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த கணக்கு இன்றைக்கும் செல்லும்: அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும். விழுங்கும் பரப்புக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே அது நூற்றுக்கு நூறு விழுங்கும்.

இந்த அறையின் கன அளவு ஏறக்குறைய 50 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்தால் 83 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸும் தம்மேல் படும் ஒலியில் 2, 3 சதவீதம்தான் விழுங்கும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடும். 3 சதவீதம் என்று வைத்தால் விழுங்கும் பரப்பு 2.5 சதுர மீட்டர். ஒலி அடங்க 3 நொடிக்கு மேல் ஆகும். வீட்டில் பாட்டு கேட்க அரை நொடி அக்கம்பக்கம் இருந்தால் நல்லது. துரித காலத்தில் ஸ்வரம் பாடும்போது ஒரு ஸ்வரம் காதில் விழுந்து மறைவதற்குள் பத்து ஸ்வரம் அதன்மேல் வந்து விழுந்தால் சாகித்தியம் எப்படிப் புரியும்?

கூடத்தில் ஏன் நன்றாக இருந்தது என்பதற்கும் இதே கணக்குதான் விடை. முற்றம் என்பது வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு பெரிய ஜன்னல். மேலே ஓடு, மரச்சட்டம், ஓரத்தில் நெல் மூட்டை, பரணில் பழைய மெத்தை, கொடியில் துணி. ஒலி ஒரு பக்கம் வெளியே போய்விடும், தங்கியதும் சிதறிவிடும். நம் பெரியவர்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மழைத்தண்ணீருக்கும் வைத்த முற்றம் பாட்டுக்கும் உதவியிருக்கிறது. கூடத்தில் கச்சேரி வைத்து வாழ்ந்த ஊர்கள் இவை. புது அறை கட்டும்போது இதை யாராவது ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

அங்கேயே அவருக்கு ஒன்றைச் செய்து காட்டினேன். அறையில் 4 அடிக்கு 4 அடியாக இரண்டு ஜன்னல்கள் உண்டு. கொசுவுக்குப் பயந்து எப்போதும் மூடியே இருக்கும். இரண்டையும் முழுசாகத் திறந்தேன். விழுங்கும் பரப்பு ஒரே நிமிடத்தில் 2.5-லிருந்து 5.5 ஆகிவிட்டது, நேரம் ஒன்றரை நொடிக்கு இறங்கிவிட்டது. அதே பாட்டு, அதே செட். "அட, இப்ப புரியுதே!" என்றார்.

தும் தும் அடிப்பதற்குக் காரணம் வேறு. நீளத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு அறையும் சில தாழ்ந்த ஓசைகளைப் பிடித்துப் பெருக்கும். 16 அடிக்கு 36 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 71; 11 அடிக்கு 52; 10 அடிக்கு 57. கடைசி இரண்டும் அடுத்தடுத்து விழுவதால் அந்த இடத்தில் ஒரு மேடு கட்டிக்கொள்ளும். தாழ்ந்த ஓசைக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டியை மூலையில் வைத்தால் இத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பும். அவர் வீட்டில் சப்வூஃபர் பீரோவுக்குப் பின்னால், மூலையில் இருந்தது. பீரோக் கதவும் கூடச் சேர்ந்து அதிர்ந்தது.

கம்பியும் பட்டனும்

ஸ்பீக்கர் கம்பிகளைச் சுவருக்குள் குழாய் விட்டுக் கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு கம்பியும் ஒரே நிறம். இப்படிப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். செட்டின் பின்னாலிருந்து கம்பிகளைக் கழற்றி, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸை சிவப்பு முனைக்குப் போகவேண்டிய கம்பியில் வைத்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கவேண்டும். வலது பக்கம் வெளியே வந்தது. இடது பக்கம் உள்ளே போனது. ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்தால், நடுவில் நிற்கவேண்டிய குரல் அறை முழுக்கக் கரைந்துபோகும், அடிநாதமும் மெலியும். அதை ஈடுகட்ட யாரோ சப்வூஃபரை முக்கால்வாசி ஏற்றி வைத்திருக்கிறார்கள். தும் தும் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். செலவே இல்லாமல் தீர்ந்த கோளாறு.

அடுத்தது ரிமோட்டில் இருந்த 'ஹால்' என்ற பட்டன். ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாக விற்பனைக்கு வந்ததே 1958-ல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-ல். அவருடைய வாசிப்பு எல்லாமே ஒற்றைத் தடத்தில் பதிவானது. அந்த ஒற்றைத் தடத்தை ஐந்தாகப் பிரித்து, பின்னாலிருக்கும் ஸ்பீக்கர்களுக்கு எதிரொலியும் சேர்த்து அனுப்பினால் வருவது நாகசுரம் இல்லை, நாகசுரத்தின் மேல் கரைத்து ஊற்றிய வேறு ஏதோ. ஏற்கெனவே 3 நொடி எதிரொலிக்கும் அறையில் செயற்கையாக இன்னொரு எதிரொலி எதற்கு?

இந்த செட்டை மட்டும் சீர்செய்து கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அதன் குட்டி ஸ்பீக்கர்களில் இருப்பது 3 அங்குலக் கூம்பு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் ஆதார ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி. இதெல்லாம் குட்டிப் பெட்டியால் முடியாது என்று மூலையில் கிடக்கும் சப்வூஃபருக்குப் போய்விடுகிறது. பாடகரின் குரல் ஒரு பக்கம், குரலின் அடி ஒரு பக்கம். சினிமா பார்க்க இது போதும், வித்துவானின் குரலுக்குப் போதாது. மகனிடம் நானே பேசினேன். "அப்பா சந்தோஷமா கேட்டா சரிங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எத்தனை வாட்?

ஊர்ப்பக்கம் இன்னும் அட்டைப் பெட்டியில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்கிறார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பார்க்கவேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரும் வாட். அதையும் தனியாகப் பார்க்கக் கூடாது, ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் எத்தனை டெசிபெல் தருகிறது என்பதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். திருவிழாவில் பந்தல்காலில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 105 டெசிபெலைத் தாண்டும். வீட்டு ஸ்பீக்கரில் 85 என்றால் இடைவெளி 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு வாட். 4440 ஐ.சி. ஒன்றைப் போட்டு லோக்கலில் அசெம்பிள் செய்த ஆம்ப் இடது, வலது என்று பக்கத்துக்கு 6 வாட்தான் தரும். அதை வைத்துக்கொண்டு எத்தனை டீக்கடைகள் காலையில் பக்திப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தன!

சார் உட்காரும் நாற்காலியை ஸ்பீக்கரிலிருந்து 6 அடியில் போட முடிவு செய்தோம். நெருங்கி உட்கார்ந்தால் நேரே வரும் ஒலியின் பங்கு கூடும், சுவரில் பட்டு வருவது குறையும். 86 டெசிபெல் ஸ்பீக்கர், 6 அடி, இரண்டு பெட்டி என்று கணக்குப் போட்டால் 1 வாட்டுக்கு 84 டெசிபெல் நாற்காலியில் கிடைக்கும். அவர் கேட்பது சராசரியாக 75. அதற்கு வேண்டியது 1 வாட்டில் எட்டில் ஒரு பங்கு! தனி ஆவர்த்தனத்தில் தீர்மானம் விழும் இடத்தில் 20 டெசிபெல் எகிறினாலும் 12, 13 வாட்டில் முடிந்துவிடும். பக்கத்துக்கு 30 வாட் உண்மையான ஆம்ப் என்பது இந்த வீட்டுக்குத் தாராளம்.

கிளாஸ் டி வகையில் கைக்கு அடக்கமான ஆம்ப் ஒன்றை எடுத்தோம். மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும், சித்திரை வெயிலிலும் சூடாகாது. இதன் அடாப்டர் 100-லிருந்து 240 வோல்ட் வரை ஏற்கும். இந்தப் பக்கத்தில் அதுதான் முக்கியம். பம்ப்செட் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வீட்டில் வோல்டேஜ் இறங்குவதும், ஓய்ந்ததும் ஏறுவதும் வாடிக்கை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்தில் முனகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடவிட்டால் 'ங்ங்' என்று அழும். கிளாஸ் ஏபி என்ற பழைய ரகத்தில் நல்ல ஆம்ப்பின் ஒலி எனக்கும் பிடிக்கும். சென்னையில் சீரான கரண்டில் இருப்பவர் வாங்கட்டும்.

காதால் தேர்ந்தது

ஸ்பீக்கர் தேர்வுக்கு மூன்று ஜோடி புத்தக அலமாரி ரகப் பெட்டிகளைக் கொண்டுவந்து அதே அறையில், அதே இடத்தில் வைத்துக் கேட்டோம். கடையில் கேட்டு வாங்குவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. கடையின் அறை உங்கள் வீட்டுக்கு வராது.

முதல் சோதனை, பாட்டே இல்லை. திருச்சி வானொலியின் செய்தி வாசிப்பு. 1939-லிருந்து இந்த மண்ணின் காதைப் பழக்கிய நிலையம் அது. சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு, 'ற'வும் 'ர'வும், 'ன்' என்று முடிவதும் 'ம்' என்று முடிவதும் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு ஜோடி இங்கேயே தோற்றது.

இரண்டாவது மிருதங்கம். சாதாரணத் தோல் வாத்தியத்தில் மேலோசைகள் அடிப்படை ஓசையின் முழு மடங்காக அமைவதில்லை. அதனால்தான் பறையிலும் டிரம்மிலும் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், கரணை என்ற கறுப்புச் சாந்தை வைப்பதால் முதல் ஐந்து ஓசைகள் மடங்குக் கணக்கில் வந்து நிற்கின்றன என்று ஆராய்ந்து சொன்னவர் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன். அதனால் 'நம்', 'தின்' சொல்லுக்கு ஸ்வர ஸ்தானம் உண்டு. நல்ல ஸ்பீக்கரில் அந்தச் சுருதி தம்புராவோடு இழைவது காதுக்குத் தெரியும். மோசமான பெட்டியில் வெறும் 'டக்'தான் மிஞ்சும். பக்கத்து ஊரான உமையாள்புரத்தின் பெயரை உமையாள்புரம் சிவராமன் உலகம் முழுக்கக் கொண்டுபோன வாத்தியம் இது. சார் வலந்தலையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் தாளம் போட்டபடி.

மூன்றாவது நாகசுரம். 2,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மையானது. நாகசுரத்தின் பளபளப்பு உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். மேல் ஓசைக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கொஞ்சம் முந்தினாலும் காதைக் கீறும், பின்வாங்கினால் சீவாளியின் உயிர் போய்விடும். கடையில் 'என்ன தெளிவு!' என்று எல்லோரும் பாராட்டும் பளிச் ரகப் பெட்டி பத்தாவது நிமிடத்தில் சாருக்குத் தலைவலி கொடுத்தது. கோயில் வீதியில், நான்கு மாட வீதியும் கேட்கட்டும் என்று ஊதும் வாத்தியம் அது. 16 அடி அறைக்குள் அதே முழக்கத்தைக் கொண்டுவர முயலவே கூடாது. முழக்கம் குறைந்தாலும் கமகத்தின் நெளிவு முழுசாகக் கிடைத்தால் போதும்.

நின்றது 5 அங்குலக் கூம்பு, ரப்பர் விளிம்பு உள்ள ஜோடி. ஃபோம் விளிம்பு நம் ஈரத்துக்கும் வெக்கைக்கும் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். என் பழுதுபார்க்கும் மேஜையில் நான் அடிக்கடி பார்ப்பது அதைத்தான். பெட்டிகளைத் தரையில் வைக்காமல், காது உயரத்துக்கு வரும்படி மரத்தச்சரிடம் ஸ்டாண்டு செய்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தோம். கரையான் ஏறாமல் இருக்கவும் அது நல்லது.

அறையின் விழுங்கும் பரப்பைக் கூட்டத் திரைத்துணி தவிர எதையும் புதிதாக வாங்கவில்லை. பரணிலிருந்த இலவம்பஞ்சு மெத்தையோடு கட்டிலை நாற்காலிக்குப் பின்னால் போட்டோம். கண்ணாடி ஷோகேஸ் கூடத்துக்குப் போனது. அங்கிருந்த திறந்த புத்தக அலமாரி இங்கே வந்தது. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் இரண்டு ஜமக்காளம், ஒன்றின்மேல் ஒன்று. திரைத்துணி மட்டும் கனமானதாக, அதுவும் ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். கைதட்டினால் இப்போது 'ட்ரிங்' கிடையாது.

ராத்திரிக்கு ஹெட்போன்

ராத்திரி கேட்பது வேறு பிரச்சினை. பக்கத்து அறையில் அம்மா, அதாவது சாரின் மனைவி, தூங்கவேண்டும். சாரின் இடது காதில் மேல்சுருதிகள் மந்தமாகிவிட்டன என்று காது மருத்துவர் பரிசோதித்துச் சொல்லியிருந்தார். அம்மாவின் நிபந்தனை ஒன்று உண்டு: "என்ன வேணா மாட்டிக்கட்டும். ராத்திரி ஒடம்பு முடியலன்னு நான் கூப்பிட்டா காதுல விழணும்."

அதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிட்டது. காதை அடைத்து மூடும் ரகம் வேண்டாம். நம் புழுக்கத்தில் கால் மணி நேரத்தில் காது வியர்த்துவிடும் என்பது வேறு. பின்பக்கம் வலைபோல் திறந்த ரகம் எடுக்கவேண்டும். குரல் வெளியே நிற்பதுபோல் இருக்கும், வெளியே கூப்பிட்டாலும் கேட்கும். சார் பெயர்பெற்ற சென்ஹைசர் எச்.டி. 600-ஐப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். 1997-லிருந்து விற்பனையில் இருக்கும் அருமையான கருவி. ஆனால் அதன் மின்தடை 300 ஓம். போனில் நேரே செருகினால் சத்தம் மெலிந்து போகலாம், தனி ஹெட்போன் ஆம்ப் கேட்கும். அதே நிறுவனத்தின் எச்.டி. 560எஸ் 120 ஓம். 1 வோல்ட்டுக்கு 110 டெசிபெல் தரும். போனின் யு.எஸ்.பி. துவாரத்தில் செருகும் சின்ன மாற்றி ஒன்றே அதற்குப் போதும். இன்னொரு பெட்டி, இன்னொரு அடாப்டர், இன்னொரு வயர் எதுவும் வேண்டாம். ராத்திரி கட்டிலில் படுத்தபடி கேட்பவருக்கு அது பெரிய சௌகரியம்.

போனின் அணுகல்தன்மை அமைப்பில் இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, ஒலியை ஒற்றைத் தடமாக்குவது. இடது காதுக்கு மட்டும் போகும் வயலினை வலது காதும் கேட்கும். இரண்டு, இடது பக்கத்தைக் கொஞ்சம் கூட்டுவது. கூட்டும்போது கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். மந்தமான காதுக்குச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று சாரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

எர்த்

எல்லாம் மாட்டியபின் ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல். டி.வி.யின் செட்டாப் பாக்ஸ் வயரை ஆம்ப்பிலிருந்து பிடுங்கினால் நின்றது. சோதித்ததில் புது அறை பிளக்கின் மூன்றாவது துளைக்கு எர்த் கம்பியே வரவில்லை. துளை இருக்கிறது, பின்னால் வெறும் சுவர். பீரோவில் கைபட்டால் சில நாள் சுருக்கென்றது என்று அம்மா அப்போதுதான் சொன்னார். இது பாட்டு விஷயம் இல்லை, உயிர் விஷயம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கிணற்றடியில் புது எர்த் குழாய் இறக்கி, மின்சாரப் பெட்டிக்கும் ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சைக் கம்பி இழுத்த பிறகே மறுபடி செட்டை ஆன் செய்தேன். உறுமலை நிறுத்த மூன்றாவது பின்னை வெட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஆம்ப்பின் காற்றுத் துளைகளுக்குப் பொடிக்கண் வலை ஒட்டினேன். பல்லி உள்ளே போய் போர்டில் ஒட்டிக்கொண்டு எரிந்த ஆம்ப்களை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கையும் கேபிள் வயரையும் இரண்டையும் பிடுங்கிவிடவேண்டும்.

இப்போதைய நிலை

ஸ்பீக்கரும் ஸ்டாண்டும் ஹெட்போனும் சேர்த்து, ஹோம் தியேட்டருக்கு ஆன செலவைவிடக் குறைவாகவே முடிந்தது. ஹோம் தியேட்டர் கூடத்துக்குப் போய் டி.வி.யோடு சேர்ந்துவிட்டது. சப்வூஃபரை மூலையிலிருந்து எடுத்துச் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் சீரியல் வசனம் தெளிவாக இருக்கிறது என்கிறார் அம்மா.

ஒன்று பாக்கி இருக்கிறது. மழைக்காலத்தில் ஜன்னல்களை மூடிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்து முழக்கம் இன்னும் கொஞ்சம் தலைகாட்டுகிறது; தவில் தொப்பியில் அது தெரியும். ஜமக்காளமும் திரையும் மேல் ஓசைகளைத்தான் விழுங்கும், இவ்வளவு தாழ்ந்த ஓசைக்கு அடி கனமுள்ள பஞ்சு வேண்டும். பின்சுவரின் இரு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை இலவம்பஞ்சை நிறையத் திணித்த துணிக்கூடு செய்து நிறுத்தலாம் என்று பேசியிருக்கிறோம். தை அறுவடை முடிந்து ஆட்கள் ஓய்ந்ததும் மரத்தச்சர் சட்டம் அடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் மழை நாளில் ஸ்பீக்கரை இன்னும் அரை அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.